மணப்பாட்டில் வந்த இரண்டு மிஸ்டு கால்

இரண்டு. ஒன்று இல்லை, இரண்டு. கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாலும் இரண்டுதான். மணப்பாட்டுச் சிலுவைக் கோயில் மேட்டில் பாதி ஏறியிருந்தேன், தொண்டை வறண்டு தண்ணீர் பாட்டிலுக்காகப் பைக்குள் கையை விட்டேன், பாட்டிலுக்குப் பதிலாகப் போன் வந்தது. மாலத்தீவு நம்பர். மிஸ்டு கால் இரண்டு. காலைப் பூசையில் அடித்து மானத்தை வாங்கக் கூடாதென்று சத்தத்தை அடக்கியவள் நான், பிறகு வேனில் ஏறி, பாட்டுப் பாடி, ஜன்னலோரத்துக்குச் சண்டை போட்டு, அடக்கியதைத் திறந்துவிட மறந்தவளும் நான். இரண்டும் அடுத்தடுத்து வந்திருக்கிறது, நடுவில் ஒரு தும்மல் போடுகிற நேரம்கூட இருக்காது. திருப்பி அடித்தேன். ஒரு பெண் முதலில் அந்த ஊர்ப் பாஷையில் பேசினாள், பிறகு இங்கிலீஷில் பேசினாள், இரண்டிலும் ரொம்ப மரியாதையாக, நீங்கள் கூப்பிடும் ஆள் இப்போது கிடைக்க மாட்டார் என்றாள். இப்போது என்றுதான் சொன்னாள், எனக்கே தெரியும், ஆனால் அந்த வார்த்தை காதில் தங்கவில்லை, கிடைக்க மாட்டார் என்பது மட்டும் தங்கியது. மணல் சுட்டது. செருப்பைக் கையில் பிடித்திருந்தேன், எதற்குக் கழற்றினேன் என்று தெரியவில்லை, மறுபடி போட்டுக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் ஒரு தடவைதான் அடிக்க வேண்டும். அதுதான் பேச்சு. என் வீட்டுக்காரர் ரெமிஜியுஸ் தோணித் தண்டல். பெரிய கப்பலுக்குக் கப்பித்தான் எப்படியோ அப்படி மரத்தோணிக்குத் தண்டல். தூத்துக்குடியில் வெங்காயமும் செங்கல்லும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போவார்கள். கரை மறைந்ததும் போனும் செத்துப்போகும். பிறகு தீவுப் பக்கம் சிக்னல் எட்டியதும் அங்கத்து சிம்மைப் போட்டு எனக்கு ஒரே ஒரு ரிங் விட்டு நிறுத்துவார். நான் எடுக்கக் கூடாது. எடுக்காமல் இருப்பதுதான் நான் பதில் சொல்வது. தோணி சேர்ந்தது, ஆட்கள் எல்லாரும் சுகம், அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். அப்புறம் என் வேலை ஆரம்பிக்கும். அடுப்பில் என்ன கிடந்தாலும் இறக்கி வைத்துவிட்டு, அந்தத் தோணியில் போன ஆட்களின் வீடு ஒவ்வொன்றுக்கும் போய் வாசலில் நின்று "சேர்ந்தாச்சு" என்று சொல்ல வேண்டும். உள்ளே போய் உட்காரக் கூடாது, ஒரு வீட்டில் உட்கார்ந்தால் அடுத்த வீட்டுக்காரி காத்துக் கிடப்பாள். தண்டல் பொண்டாட்டி வாயிலிருந்து வந்தால்தான் எங்கள் தெருவில் அது சேதி. ஒரு தடவை இன்னொருத்தி முந்திக்கொண்டு சொல்லிவிட்டாள் என்று ஒரு வாரம் அவளோடு நான் பேசவில்லை. அப்படி ஒரு பவிசு எனக்கு. இப்போது பவிசு கையில் இருக்கிறது, இரண்டு என்று காட்டிக்கொண்டு.

இரண்டு என்றால் என்ன? யோசி ஜெசிந்தா, பதறாமல் யோசி. முதல் ரிங் சரியாகப் போகவில்லை என்று மறுபடி விட்டிருப்பார். அதுதான். அவருக்கு விரல் தடிப்பு, கயிறு பிடித்துப் பிடித்துக் காய்த்த விரல், ஒன்றை அமுக்கினால் இரண்டு அமுங்கும். ஆனால் இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அமுங்கியதில்லையே. சரி, முதலில் சேர்ந்த சேதி, பிறகு ஏதோ கேட்க வேண்டியிருந்தது, கேஸ் சிலிண்டர் வந்ததா, சின்ன மகள் காலேஜ் போனாளா. அவரா? வெளிநாட்டிலிருந்து கேஸைப் பற்றிக் கேட்கிற ஆளா அவர்? கல்யாணமான புதிதில் நான் ஒரு நாள் கேட்டேன், "நல்லதுக்கு ஒரு தடவ, சரி, ஏதும் ஆயிட்டுன்னா எத்தன தடவ?" என்று. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறிவிட்டு எழுந்துவிட்டார். "கெட்டதுக்கு யாராவது முன்கூட்டியே அடையாளம் பேசி வப்பாவளா?" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பேசி வைத்திருந்தால் இப்போது தெரிந்திருக்கும். இரண்டு என்றால் பாய் கிழிந்தது, மூன்று என்றால் எஞ்சின் நின்றது, நான்கு என்றால். நான்கைப் பற்றி ஏன் நினைக்கிறேன், வந்தது இரண்டுதானே. முந்தாநாள் டி.வி.யில் மாலத்தீவுப் பக்கம், குமரிக்கடல் பக்கம் பலத்த காற்று என்று படம் போட்டுச் சுற்றிக் காட்டினான். நான் சேனலை மாற்றினேன். மாற்றிவிட்டால் காற்று நின்றுவிடும் என்கிற மாதிரி, சமையல் நிகழ்ச்சியில் ஒருத்தி கத்திரிக்காய் அறுப்பதைக் கடைசிவரை பார்த்தேன். வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடிக்கும் என்றுதான் அன்பியத்துச் சுற்றுலாவுக்கே பெயர் கொடுத்தேன். எங்கள் பங்குக் கோயிலில் பக்கத்துப் பக்கத்து வீடுகள் சேர்ந்து ஜெபம் சொல்கிற குழு அது. ஜெபத்தைவிட ஊர்ச்சேதி அதிகம் நடக்கும். கடலை மறக்கலாம் என்று கிளம்பினேன், இவர்கள் என்னை மூன்று பக்கமும் கடலாக இருக்கிற மேட்டில் கொண்டு வந்து ஏற்றியிருக்கிறார்கள்.

"ஏட்டி, பாதியிலயே நின்னுட்டியா? தண்டல் பொண்டாட்டிக்குக் கால்ல பெலன் இல்லியோ?" மேலிருந்து குரல். பனிமயம். எனக்கு எதிர்வீடு, என்னைவிட மூத்தவள், பனியக்கா என்பேன். அவள் வீட்டுக்காரர் கஸ்பார் அண்ணன் அதே தோணியில்தான் போயிருக்கிறார், சமையலும் பார்ப்பார், சரக்கு மேல் தார்ப்பாய் கட்டுவதும் அவர்தான். பனியக்காவுக்குப் பயம் என்பதே கிடையாது. தோணி கிளம்புகிற அன்று எல்லாரும் தோணித்துறையில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிற்போம், அவள் "ஒரு மாசம் கொறட்டச் சத்தம் கேக்காம ஒறங்கலாம்" என்பாள். இப்போது சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மணலில் சறுக்கியபடி என்னிடம் இறங்கி வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள், கையிலிருந்த போனைப் பார்த்தாள். "அடிச்சாச்சா?" எத்தனையோ தடவை எங்கள் தெருவில் கேட்ட கேள்விதான். ஆமாம் இல்லை என்று இரண்டு பதில்தான் அதற்கு உண்டு, நடுவில் ஒன்றும் இல்லை. இரண்டு தடவை அடித்திருக்கிறது, என்னவென்று தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் முகம் மாறும். அவள் முகம் மாறினால் நான் கீழே விழுந்துவிடுவேன், அவள் பயப்படாத வரைக்கும்தான் நான் நிற்க முடியும். வாய் முந்திக்கொண்டது. "அடிச்சாச்சுக்கா" என்றேன். பொய் இல்லையே. அடித்ததே. "எப்ப?" "பூச நேரத்துல, கவனிக்கல." அவள் என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, மேட்டைப் பார்த்துக் கையை வாயில் குவித்து, "ஏய், எங்க தோணி சேர்ந்தாச்சு!" என்று கத்தினாள். மேலே நின்ற பெண்கள் எல்லாரும் கை தட்டினார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

கோயிலுக்குள் குளிர்ச்சியாக இருந்தது. சாமியார் இல்லாத நேரம் கோயிலைப் பார்த்துக்கொள்கிற உபதேசியார் எங்களுக்காகக் காத்திருந்தார், தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். அந்தக் காலத்தில் ஒரு போர்த்துக்கீசுக் கப்பல் இந்தப் பக்கம் வரும்போது புயலில் மாட்டி, பாய் கிழிந்து, பாய்மரம் முறிந்து, இனி அவ்வளவுதான் என்று இருந்தபோது கப்பித்தான் முழங்காலில் நின்று, கரை சேர்த்தால் இந்த முறிந்த மரத்திலேயே உமக்குச் சிலுவை செய்து நடுவேன் என்று நேர்ந்துகொண்டாராம், கப்பல் மணப்பாட்டில் வந்து ஒதுங்கியதாம், அவர் சொன்னபடி நட்டாராம், அதிலிருந்து வந்ததுதான் இந்தக் கோயில் என்று வழிவழியாகச் சொல்வார்கள். "கப்பல் ஒதுங்குனது எந்த இடம்?" என்று ஒருத்தி கேட்க, அவர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஒரு அரைவட்டம் போட்டார், அதில் கடல் முழுவதும் அடங்கிவிட்டது. பனியக்கா என் இடுப்பில் குத்தினாள். "கப்பித்தான் சிலுவ நட்டான், சமையக்காரன் என்னத்த நட்டான்னு கேளு." சுற்றி இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். உபதேசியாருக்குக் கோபம், குரலை உயர்த்தினார். எனக்கு அந்த மரம் முறிந்த சத்தம் கேட்டது. மரம் முறிந்தால் எப்படிச் சத்தம் கேட்கும், எங்கள் தோணியிலும் மரம் இருக்கிறது, எஞ்சின் வந்த பிறகும் பாய் கட்டத்தான் செய்கிறார்கள், அது முறிந்தால் எந்தப் பக்கம் விழும், சுக்கான் பக்கமா, சுக்கானில் அவர்தானே நிற்பார். நேர்ந்துகொள்ள எனக்கு என்ன இருக்கிறது? காது கம்மல் இருக்கிறது, முடி இருக்கிறது. ஆண்டவரே, அவரைக் கொடுத்துவிடும், வேறு என்ன வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும், எதை எடுத்தாலும் ஏன் என்று கேட்க மாட்டேன் என்றேன். சொல்லி முடித்ததும் பயமாக இருந்தது, எதை என்று நான் குறிப்பிடவில்லை. பிள்ளைகளை இல்லை ஆண்டவரே, பிள்ளைகளைச் சொல்லவில்லை என்று அவசரமாகத் திருத்தினேன். பக்கத்தில் பனியக்கா பெரிய மெழுகுவர்த்தியாக வாங்கி வந்து, தோணி சேர்ந்ததற்கு நன்றி என்று கொளுத்தி வைத்தாள். காற்றுக்கு அது அணைந்தது. நான் சிலுவை போட்டுக்கொண்டேன், அவள் "சவத்துக் காத்து" என்று திட்டிக்கொண்டே மறுபடி கொளுத்தினாள்.

வெளியே வந்ததும் போனைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாதது நல்லதா கெட்டதா? தோணிக்கு ஆபத்து என்றால் இத்தனை நேரம் ஓனர் வீட்டுக்குச் சேதி வந்திருக்கும், ஓனர் எனக்குச் சொல்லியிருப்பார். ஓனர் சொல்வாரா? ஓனர் முதலில் பங்குச் சாமியாரிடம்தான் சொல்வார், சாமியார் கன்னியாஸ்திரியைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவார், வீடு பூட்டிக் கிடக்கும், நான் இங்கே மணலில் நிற்கிறேன். பொறு. ஆள் முழுகிப்போனால் போன் அடிப்பது யார்? அடித்தது அவர் நம்பர், ஆகையால் அவர் இருக்கிறார். இதை ஏன் முதலிலேயே நினைக்கவில்லை? நெஞ்சு கொஞ்சம் இறங்கியது. உடனே மறுபடி ஏறியது: போனை வேறு யாரும் எடுத்து அடிக்கலாமே. கஸ்பார் அண்ணன் அடித்திருக்கலாம், தண்டல் போனை எடுத்து, எப்படிச் சொல்வது என்று தெரியாமல், ரிங் விட்டு நிறுத்தி, மறுபடி ரிங் விட்டு நிறுத்தி. இல்லை, கஸ்பார் அண்ணன் இருக்கும்போது அவருக்கு ஒன்றும் ஆகாது. அந்த மனுஷன் தண்ணீரில் பிறந்த ஆள். ஒரு தடவை தோணித்துறையிலிருந்து வாளி விழுந்ததற்காகக் குதித்து, வாளியோடு ஒரு நண்டையும் எடுத்துக்கொண்டு ஏறினார். என் வீட்டுக்காரர் நீந்துவார், பெயருக்கு நீந்துவார், இடுப்பில் வலி வேறு. அதனால்தான் கஸ்பார் அண்ணன் அந்தத் தோணியில் இருக்கிறார் என்றால் எனக்குத் தூக்கம் வரும், விழுந்தால் அவர் குதித்துத் தூக்கிவிடுவார் என்று. அதெல்லாம் ஆள் விழுந்தால். தோணியே போனால்? போனால் எல்லாரும்தான் போவார்கள், பனியக்காவும் நானும் ஒன்றாகத்தான் கறுப்பு உடுத்துவோம். அப்படி நினைத்தபோது எனக்குக் கொஞ்சம் தைரியம்கூட வந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே தோணி, வந்தால் இரண்டு பேருக்கும் வரும், வராவிட்டால் இரண்டு பேருக்கும் வராது. அவள் சிரிக்கிறாள், ஆகவே வராது.

குகைக்கு இறக்கினார்கள். சவேரியார் தங்கி ஜெபித்த இடம் என்று சொல்கிற சின்னக் குகை, மேட்டின் அடிவாரத்தில், கடலைப் பார்த்தபடி. குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே கிணறு, கடல் இவ்வளவு கிட்டத்தில் இருந்தும் தண்ணீர் கரிக்காது என்று ஒவ்வொருத்தியும் ஒரு கை வாங்கிக் குடித்தாள். எனக்கு முறை வந்தது. கையில் ஊற்றினார்கள், வாய்க்குக் கொண்டு போனேன், எனக்குக் கரித்தது. வியர்வைதான், மேலுதட்டில் வழிந்த வியர்வை, வேறொன்றும் இல்லை. ஆனால் துப்ப முடியாமல் விழுங்கியபோது அவர் வாயில் கடல் தண்ணீர் போவது எனக்குத் தெரிந்தது, மூக்கில் ஏறும், இருமத் திறந்தால் இன்னும் உள்ளே போகும். குகைக்குள் காற்றே இல்லை. பின்னால் ஒருத்தி இடித்துக்கொண்டு நிற்கிறாள், முன்னால் ஒருத்தி முழங்காலில் நின்று அருள் நிறைந்த மரியே சொல்கிறாள், வெளியே போக வழி இல்லை. இப்போது போன் அடித்தால் இந்தப் பாறைக்குள் சிக்னல் எடுக்குமா? எடுக்காது. மூன்றாவது தடவை அடித்துக்கொண்டிருப்பார், நான் இங்கே தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறேன். முழங்காலில் நின்றவளைத் தாண்டி, அவள் தலையில் என் பை இடிக்க, வெளியே வந்து விழுந்தேன். "என்ன இவா, கோயிலுக்கு வந்த எடத்துல" என்று அவள் முணுமுணுத்தது கேட்டது. போனில் ஒன்றும் வரவில்லை. வெயிலில் கடல் அவ்வளவு அமைதியாகக் கிடந்தது, எனக்கு அதை ஓங்கி அறைய வேண்டும் போல் வந்தது.

கலங்கரை விளக்குப் பக்கத்தில் நிழல் பார்த்து உட்கார்ந்தோம். பனியக்கா வரும் வழியில் உடன்குடியில் வாங்கி வைத்திருந்த கருப்பட்டி மிட்டாய்ப் பொட்டலத்தைப் பிரித்து ஆளுக்கொன்றாகக் கொடுத்துக்கொண்டு வந்தாள், தோணி சேர்ந்த சந்தோஷத்துக்கு. ஒரு கையில் பொட்டலம், தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன். "செலஸ்டின் அம்மாவா? தோணி சேர்ந்தாச்சு கேட்டியா. ஆமா, ஜெசிந்தாவுக்கு அடிச்சாச்சு. எல்லாரும் சொகம்." வைத்தாள், அடுத்த நம்பர். "இன்னாசி மாமாவா? சேர்ந்தாச்சு." எனக்கு வேலை மிச்சம் என்று அவளே எல்லா வீட்டுக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். தூத்துக்குடியில் ஒவ்வொரு வீடாக என் பொய் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. அங்கே இப்போது ஒருத்தி ஜெபமாலையைக் கழற்றி ஆணியில் மாட்டுவாள், ஒருத்தி மீன் வாங்கக் கிளம்புவாள். இன்னும் ஒரு வீடு சொல்வதற்குள் நிறுத்திவிடலாம். அக்கா, இரு, ரெண்டு தடவ அடிச்சிருக்கு, எனக்கு என்னமோ பயமா இருக்கு. இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வாயைத் திறந்தேன், அவள் அதில் ஒரு மிட்டாயைப் போட்டுவிட்டுப் போனாள். மென்றேன், விழுங்க வரவில்லை, பல்லில் ஒட்டிக்கொண்டது. இனிமேல் ஏதாவது என்றால் முதலில் என்னிடம்தான் வருவார்கள், நீதானே சுகம் என்றாய் என்று. வரட்டும். அவர் மட்டும் இருந்தால் போதும், யார் வந்து என்ன கேட்டாலும் கேட்கட்டும், தெருவில் நிறுத்தி வைத்து ஏசட்டும்.

போன் அதிர்ந்தது. மாலத்தீவு நம்பர். ஒரு ரிங். நின்றுவிடு, நின்றுவிட்டால் எல்லாம் சரி, சேர்ந்தாச்சு, எல்லாரும் சுகம். நிற்கவில்லை. அதிர்ந்துகொண்டே இருந்தது. எடுத்தேன். "ஜெசி" என்றார். அவர். அவர்தான். வேறு யாருக்கும் என் பெயரை அப்படி நடுவில் உடைத்துக் கூப்பிட வராது. உயிரோடு இருக்கிறார், இருக்கிறார், கரகரத்த தொண்டையோடு இருக்கிறார். அழுகை பொத்துக்கொண்டு வந்தது, அதைவிட வேகமாகக் கோபம் வந்தது. "எதுக்கு ரெண்டு தடவ அடிச்சீய? எனக்கு உசுரே போச்சு. அறிவிருக்கா ஒங்களுக்கு? ஒரு தடவன்னா ஒரு தடவ அடிக்க வேண்டியதுதான?" வழக்கமாகப் பதிலுக்கு ஒன்று போடுவார். போடவில்லை. எல்லாத் திட்டையும் வாங்கிக்கொண்டு, "பக்கத்துல யாரு இருக்கா?" என்றார். "அன்பியத்துல மணப்பாட்டுக்கு வந்திருக்கோம், எல்லாரும்தான் இருக்காவ, பனியக்கா இந்தா நிக்கா, மிட்டாய் குடுக்கா." "கொஞ்சம் தள்ளி வா" என்றார். எழுந்தேன். சுவரோரமாக நடந்தேன், இன்னும் சிரித்துக்கொண்டுதான் நடந்தேன், கண்ணீரைத் துடைத்துக்கொண்டு.

"கஸ்பார் அண்ணன் போயிட்டாரு ஜெசி." நான் நின்றேன். "நேத்து வெள்ளன. காத்துல தார்ப்பாய் அவுந்துட்டு, கட்டப் போனாரு, ஒரு அல ஏறி இறங்கிச்சு, பார்த்தா ஆளக் காணும். விடிஞ்சு தேடி எடுத்தோம். உசுரு இல்ல." மூச்சு வாங்கினார். "இன்னைக்கு சிக்னல் வந்ததும் பழக்கத்துல ஒரு ரிங் விட்டுட்டேன். விட்ட பிறகுதான் உறைச்சுது, நீ அதக் கேட்டுட்டு எல்லா வீட்டுக்கும் போயி சொகம்னு சொல்லுவியேன்னு. அதான் ஒடனே மறுபடி அடிச்சேன், நீ எடுப்பன்னு பார்த்தேன். அதுக்குள்ள சிக்னல் போயிட்டு. இப்பத்தான் மாலே தொறமுகத்துக்குள்ள வந்தோம்." "யார்ட்டயும் ஒண்ணும் சொல்லலியே ஜெசி?" என்றார்.

எனக்குப் பின்னால் மணலில் செருப்புச் சத்தம் கேட்டது. "சேர்ந்த பிறகும் புருஷன் பொண்டாட்டிக்கு என்ன ரகசியம்?" பனியக்கா வாயில் மிட்டாயை ஒதுக்கிக்கொண்டு, ஒட்டிய விரல்களைச் சேலையில் துடைத்துவிட்டு, போனுக்குக் கையை நீட்டினாள். போனுக்குக் கேட்கட்டும் என்று என் காதருகில் வந்து கத்தினாள். "தண்டல் தம்பி, எங்க ஆளுட்ட ஒரு நிமிசம் குடுங்க!" அந்தப் பக்கம் அவருக்கு அது கேட்டுவிட்டது. நான் போனைக் காதோடு அழுத்திப் பிடித்தேன். "குடுட்டி" என்றாள் பனியக்கா, கையை நீட்டியபடியே.